நேற்று எனக்கு ஒரு அப்பா இருந்தார்

ஆங்கிலம் படிப்பிக்க நியமனம் கிடைத்து முதல் தடவையாகத் தீவுகளுக்கு வருகிறவர்களைக் குறிகட்டுவான் இறங்குதுறையில் கண்டால் நான் உடனே கண்டுபிடித்துவிடுவேன். ஒரு கையில் இலக்கணப் புத்தகம் இருக்கும். மற்றக் கையில், படகில் வாந்தி வந்தால் மணந்து பார்க்க ஒரு தேசிக்காய் இருக்கும். தேசிக்காய் நல்ல யோசனைதான். புத்தகத்தைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் கதைக்க வேண்டும்.

ஓய்வு பெற்றுச் சரவணையில் வீட்டோடு இருக்கிற என்னைப் பிடித்து, புதிதாக வந்த உங்களுக்கு ஆங்கிலக் காலங்களைப் பற்றிச் சொல்லித்தரும்படி கேட்டிருக்கிறார்கள். கரும்பலகையில் பெரிய அட்டவணை ஒன்று போடுவேன் என்று நினைத்திருப்பார்கள். அட்டவணை உங்கள் போனிலேயே கிடக்கிறது. நான் சொல்லப்போவது, நெடுந்தீவில் என்னுடைய ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே காலைப்பொழுதில் தங்கள் அப்பாமாரை எல்லாம் பறிகொடுத்த கதை. அப்பாமாருக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் காலைப்பொழுதில் சிலர் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள், சிலர் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள், சிலர் நித்திரை. ஒரே ஒருவரைப் பற்றி மட்டும் எவருக்கும் எதுவும் தெரியாது.

முதலில், எங்கள் பிள்ளைகள் காலத்தை எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். நாங்கள் ஒரு மாதம் நிகழ்காலம் படிப்பிக்கிறோம். அடுத்த மாதம் இறந்தகாலம். பிள்ளை என்ன நினைக்கும்? சோளகக் காற்று வீசுகிற காலம், வாடைக் காற்று வீசுகிற காலம் என்று இருக்கிறதுபோல, பாஸ்ற் ரென்ஸும் ஒரு பருவம் என்று நினைக்கும். அந்தப் பருவம் முடியும்வரை எதைச் சொன்னாலும் அதில்தான் சொல்ல வேண்டும். போதாததற்கு, பலகையின் மூலையில் நான் சில சொற்களை எழுதி வைத்திருந்தேன். யெஸ்ரடே, லாஸ்ற் வீக், ரூ இயர்ஸ் அகோ. இந்தச் சொற்கள் வந்தால் வினைச்சொல் இறந்தகாலத்துக்கு ஓடிவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். பிள்ளைகள் அதை மறுவளமாகப் பிடித்துக்கொண்டார்கள். வினை இறந்தகாலத்தில் நின்றால் பக்கத்தில் இந்தச் சொற்களில் ஒன்று காவலுக்கு நிற்க வேண்டும். எது நிற்கிறது என்பது முக்கியமில்லை. கையில் கிடைத்தது நிற்கலாம்.

இந்த நிலைமையில்தான் அவுஸ்திரேலியாக்காரி வந்து சேர்ந்தா. அவவும் ஒரு ரீச்சர். விடுமுறைக்கு வந்து, நெடுந்தீவில் பழைய கோட்டையைப் பார்க்கவென்று படகில் ஏறி, என் பக்கத்தில் இருந்து, நடுக்கடலில் என் காலில் கிடந்த சப்பாத்துக்கு மேல் வாந்தி எடுத்தா. நான் தேசிக்காயைக் கொடுத்தேன். ஒருவருடைய சப்பாத்தில் வாந்தி எடுத்த பிறகு சிநேகம் பிடிக்காமல் இருக்க ஏலாது. ஊருக்குத் திரும்பிப் போன பிறகும் போனில் செய்தி அனுப்புவா. ஒரு நாள் கேட்டா, உங்களுடைய வகுப்பும் என்னுடைய வகுப்பும் வீடியோவில் கதைத்தால் என்ன?

எங்கள் பிறின்சிப்பல் மிஸ்ஸுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அவ கணிதம் படித்தவ. மிகவும் நேர்மையான மனுசி, ஆனால் ஆங்கிலத்தைச் சத்தத்தை வைத்துத்தான் மதிப்பிடுவா. உரத்துச் சொன்னால் நல்ல ஆங்கிலம், மெல்லச் சொன்னால் கூடாத ஆங்கிலம். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்துத் தலை இழுத்து, யன்னல் ஓரமாக மேசை போட்டு, மேசைக்கு மேல் கதிரை வைத்து, கதிரைக்கு மேல் என்னுடைய போனைச் சாத்தி வைத்தோம். அந்த யன்னலடியில்தான் சிக்னல் ஒழுங்காக வரும்.

நான் பிள்ளைகளிடம் சொன்னது இவ்வளவுதான்: "உங்களைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் நாலைஞ்சு வசனம் சொல்லுங்கோ. பயப்பிடாதேங்கோ."

எந்தக் காலத்தில் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வீட்டில் இருக்கிற அப்பாவை எந்தக் காலத்தில் சொல்வதென்று ஒருவர் சொல்லியும் கொடுப்பாரா?

முதலில் டிலக்சன் எழும்பினான். வகுப்பில் துணிந்த பெடியன். போனுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்று, "குட் மோனிங். யெஸ்ரடே மை நேம் வோஸ் டிலக்சன்" என்றான்.

நேற்று என்னுடைய பெயர் டிலக்சனாக இருந்தது. அங்கே பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவன் அடுத்ததைச் சொன்னான். "ரூ இயர்ஸ் அகோ ஐ ஹாட் எ ஃபாதர். ஹிஸ் நேம் வோஸ் சூசை. ஹி வோஸ் எ ஃபிஷர்மன். ஹி வோஸ் வெரி குட்."

இரண்டு வருசத்துக்கு முதல் எனக்கு ஒரு அப்பா இருந்தார். திரையில் சிரிப்பு நின்றுபோனது. அவுஸ்திரேலியா ரீச்சர் கையை வாயில் வைத்தா. டிலக்சன் தலையைச் சரித்து வணக்கம் வைத்துவிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்து இருந்தான்.

ஒரு பிள்ளை தடுமாறினால் வெளி ஆட்களுக்கு முன்னால் திருத்தக்கூடாது என்பது என் கொள்கை. அடுத்த பிள்ளை சரியாகச் சொன்னால் விசயம் நேராகிவிடும் என்று விட்டுவிட்டேன். அடுத்த பிள்ளை தர்சிகா.

"லாஸ்ற் வீக் ஐ ஹாட் எ மதர் அண்ட் எ ஃபாதர். வீ ஹாட் எ ஹவுஸ். வீ ஹாட் மெனி கௌஸ்."

போன கிழமை எனக்கு அம்மா அப்பா இருந்தார்கள். வீடு இருந்தது. நிறைய மாடுகளும் இருந்தன.

"லாஸ்ற் வீக்?" என்று அந்த ரீச்சர் கேட்டா.

தான் சொன்னது அவுஸ்திரேலியாவுக்கே விளங்கிவிட்டதே என்ற பூரிப்பில் தர்சிகா, "யெஸ்!" என்று கத்தினாள்.

"வட் ஹப்பின்ட்?"

என்ன நடந்தது? தர்சிகாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. விளங்காத கேள்விக்கு எப்போதும் சொல்கிற விடையைச் சொன்னாள். "வெரி குட், மிஸ்."

இதற்கு மேலும் பொறுக்க ஏலாது என்று நான் போனுக்கு முன்னால் பாயப் பார்த்தேன். பிறின்சிப்பல் மிஸ் என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தா.

"குழப்பாதேங்கோ சேர். பிள்ளையள் எவ்வளவு வடிவாக் கதைக்குதுகள், பாருங்கோ."

"மிஸ், அவையள் எல்லாரையும் சாகக் குடுக்கினம்."

"என்ன?"

அதை விளங்கப்படுத்துவதற்குள் இன்னும் மூன்று குடும்பம் போய்விட்டது. ஒரு பெடியன் அப்பாவோடு சேர்த்து நாயையும் அனுப்பிவைத்தான்.

கடைசியாக ஜெனிற்றா எழும்பினாள். அவளுடைய முறையில் மட்டும் பாஸ்ற் ரென்ஸ் இல்லை, யெஸ்ரடே இல்லை.

"மை ஃபாதர் இஸ் எ ஃபிஷர்மன். ஹி கோஸ் ரு த சீ எவ்ரி டே. ஹி கம்ஸ் ஹோம் இன் த மோனிங்."

என் அப்பா மீன்பிடிகாரர். ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போவார். விடியத் திரும்பி வருவார். வகுப்பிலேயே ஒரு பிழையும் இல்லாமல் சொன்ன பிள்ளை அவள்தான். அந்த ரீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓ, தாங் கோட்" என்றா. ஒருத்திக்காவது அப்பா மிஞ்சியிருக்கிறாரே என்ற ஆறுதல்.

ஜெனிற்றாவின் அப்பா அல்பிரட் அதற்கு முந்தின வாடைக்காலத்தில் தனியப் படகு கொண்டு போனவர். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. தேடாத இடம் இல்லை. காற்றில் அள்ளுப்பட்டு இந்தியக் கரையில் ஏறியிருப்பார், அங்கே பிடித்து மறியலில் போட்டிருப்பார்கள், ஒரு நாளைக்குச் செய்தி வரும் என்று தாய் மேரி சொல்லிக்கொண்டிருந்தா. செத்தவர்களுக்கான பூசையை அவருக்கென்று கோயிலில் ஒப்புக்கொடுக்க விடவில்லை. நெடுந்தீவில் இது எல்லாருக்கும் தெரியும். வகுப்பில் அன்றைக்கு எவரும் சிரிக்கவில்லை, எவரும் திருத்தவில்லை.

நான் வாயைத் திறந்தேன். சிக்னல் போய்விட்டது.

பின்னேரப் படகில் நெடுந்தீவால் திரும்பி, சரவணையில் வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால், அவுஸ்திரேலியாவிலிருந்து செய்திக்கு மேல் செய்தி. எங்கள் வகுப்பே அழுகிறது, எனக்கு இது எதுவும் தெரியாது, நீங்கள் எப்படித்தான் தாங்குகிறீர்களோ என்று. நான் அவசரமாகத் திருப்பி எழுதினேன், அவர்களுடைய அப்பாமார் உயிரோடு இருக்கிறார்கள் என்று.

அவவிடமிருந்து உடனே பதில் வந்தது: "ஆம், எங்கள் எல்லாருடைய இதயங்களிலும்."

இல்லை, இது இலக்கணத்தில் நடந்த பிழை, நாங்கள் இப்போது இறந்தகாலம் படிக்கிறோம் என்று எழுதினேன். துயரத்தைப் பற்றிக் கதைக்க விருப்பமில்லாதபோது மனிதர் பகிடி விடுவது இயல்பு, உங்கள் தைரியத்தை மெச்சுகிறேன் என்று எழுதினா. அவவுக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. அதற்குள் அங்கே நடுச்சாமம் தாண்டியிருக்கும், படுத்திருப்பா.

அடுத்தநாள் பள்ளிக்கூடத்துக்குள் காலடி வைக்கவே பிறின்சிப்பல் மிஸ் வாசலில் நின்றா.

"சேர், கல்விக் கந்தோரால போன் எடுத்தவை. ஏழாம் வகுப்பில எத்தனை பிள்ளையளுக்குத் தாய் தேப்பன் இல்லை எண்டு கேட்டவை. நான் அப்பிடி ஒருத்தரும் இல்லை எண்டன். 'மிஸ், மறைக்காதேங்கோ, அவுஸ்திரேலியா வரைக்கும் தெரிஞ்சிட்டுது' எண்டு சொல்லினம். கொழும்பில ஒரு உதவி நிறுவனத்துக்கு அந்த மனுசி அறிவிச்சிருக்கிறா. பிள்ளையளைத் தேத்த உளவளத்துணை ஆக்கள் படகேறிட்டினமாம்."

நான் நடந்ததைச் சொன்னேன். அவ முழுவதையும் கேட்டுவிட்டு, கதிரையில் இருந்து, நெற்றியைப் பிடித்துக்கொண்டா.

"இறந்தகாலம் எண்டு பேர் வச்சவனைச் சொல்ல வேணும்" என்றா. "நீங்கள் படிப்பிச்ச வடிவில எல்லாரும் இறந்திட்டினம்."

இளம் ஆட்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். முதலில் வருகிற யோசனை, படகைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதுதான். மிஸ் அதைத்தான் சொன்னா. நான் வேண்டாம் என்றேன். வந்தால் வரட்டும், கண்ணால் பார்க்கட்டும், செத்தவர்கள் எழும்பி நிற்பதைக் கண்ட பிறகு ஒருவரும் இலக்கண விளக்கம் கேட்கமாட்டார்கள் என்றேன். பியோனை அனுப்பி அப்பாமாரைக் கூப்பிட்டோம்.

வந்தார்கள். சாரத்தோடு வந்தார்கள், சேட்டுப் போட்டு வந்தார்கள், கடலால் வந்த ஈரத்தோடு வந்தார்கள். சூசை அண்ணை என்னை நேரே பார்த்துக் கேட்டார்: "சேர், நான் எப்ப செத்தனான்?"

"ரெண்டு வருசத்துக்கு முதல், அப்பா" என்றான் டிலக்சன். சரியாகச் சொன்ன பெருமை முகத்தில் தெரிந்தது.

சூசை அண்ணைக்குப் பின்னால் நின்ற அவருடைய மனுசி விடவில்லை. "ரெண்டு வருசமாச் செத்துப்போன ஆளுக்கே நான் நாள்தோறும் கறி காய்ச்சிக் குடுக்கிறன்? அதுக்குள்ள உப்புக் காணாது, புளி காணாது எண்டு குறை வேற."

படகால் இறங்கி வந்தவர்கள் இரண்டு பேர். ஒரு பெடியன் பொம்மைகள் நிறைந்த பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தார். மற்றது உளவளத்துணைக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு இளம் பெண்பிள்ளை. முகத்தைப் பார்த்தால் வழிநெடுக அழுதிருக்கிறா என்று தெரிந்தது. நாங்கள் கதைக்க முதலே வகுப்புக்குள் போய், முன்வரிசையில் இருந்த ஒரு பெடியனுக்குப் பக்கத்தில் குந்தி, கையைப் பிடித்து, மெதுவாகக் கேட்டா.

"தம்பி, அப்பாவை நினைச்சால் என்ன செய்யுது?"

"பயமாக் கிடக்கு மிஸ்."

"ஏன் பயம்?"

"வெளியில நிக்கிறார். நான் படிக்கேல்லை எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம்."

அந்த உளவளத்துணைப் பிள்ளை திரும்பி யன்னலைப் பார்த்தா. யன்னல் நிறைய அப்பாமார். அதற்குப் பிறகு நான் விளக்கம் சொல்லச் சொல்ல அவவுக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. பொம்மைப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோக மனமில்லாமல், அப்பா உயிரோடு இருக்கிறவர்களுக்கும் ஒவ்வொன்று என்று பங்கிட்டார்கள். டிலக்சன் தனக்குக் கிடைத்த யானையைத் தகப்பனிடம் கொடுத்து, "இது நீங்கள் செத்ததுக்கு" என்றான்.

அவுஸ்திரேலியாக்காரி அனுப்பி, அவர்கள் கையில் வைத்திருந்த பெயர்களின்படிதான் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். எல்லாப் பெயரும் முடிந்தது. ஜெனிற்றா தன் இடத்திலேயே இருந்தாள்.

"அந்தப் பிள்ளைக்கு அப்பா இருக்கிறார் எண்டு போட்டிருக்கு, சேர்" என்று பெட்டி சுமந்து வந்த பெடியன் சொன்னார். "அதாலதான் பேர் இல்லை. அவவுக்கும் ஒண்டு குடுக்கிறம்."

எனக்குச் சிரிப்பெல்லாம் இறங்கிவிட்டது. இரண்டு பேரைப் படகில் ஏற்றி, கடல் கடந்து வரப்பண்ணிய ஆங்கிலம், அவர்கள் பார்க்க வேண்டிய ஒரே பிள்ளையை மட்டும் ஒளித்து வைத்திருந்தது. பிழையில்லாத வசனம் என்பதால் அதை எவரும் திருப்பிப் பார்க்கவில்லை.

நான் அந்த உளவளத்துணைப் பிள்ளையை வெளி விறாந்தைக்குக் கூப்பிட்டேன். "பிள்ளை, நீர் வந்தது வீணில்லை. நீர் கதைக்க வேண்டியது அந்தப் பிள்ளையோடதான்" என்று அல்பிரட்டின் கதையைச் சொன்னேன். அவ பெட்டிக்காரரைப் பார்த்து, படகுக்கு நீங்கள் போங்கோ, நான் நாளைக்கு வாறன் என்றா. அன்றைக்குப் பின்னேரம் மேரியின் வீட்டில் நெடுநேரம் இருந்திருக்கிறா. என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. பிறகு மாதம் ஒரு தடவை வந்துபோனா. அது மட்டும் தெரியும்.

அவுஸ்திரேலியா ரீச்சரை நம்பப்பண்ண ஒரே வழி, திரும்பவும் வீடியோவில் கதைப்பதுதான். இந்தத் தடவை அப்பாமாரும் கூட நிற்க வேண்டும் என்று மிஸ் உத்தரவு போட்டா. வசனங்கள் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்றும் சொன்னா.

"இருக்கிற ஆக்களுக்கு இஸ். ஜெனிற்றாவுக்கு மட்டும் வோஸ். அப்பத்தான் கணக்குச் சரி வரும் சேர். அந்தப் பிள்ளைக்கு நீங்கள்தான் சொல்லிக் குடுக்க வேணும்."

"நான் சொல்லமாட்டன் மிஸ்."

"ஏன்? உண்மை அதுதானே."

"எங்களுக்கு உண்மை தெரியாது. தெரிஞ்சாலும் நான் சொல்லுற உண்மை இல்லை அது."

அவவுக்குக் கோபம். நான் அவவிடம் கேட்டேன், 'என்ர அப்பா மீன்பிடிகாரர்' என்று தமிழில் சொன்னால் அதில் எங்கே இஸ் இருக்கிறது, எங்கே வோஸ் இருக்கிறது? இரண்டும் இல்லை. இருக்கிறாரா இல்லையா என்று தமிழ் அந்த இடத்தில் கேட்பதே இல்லை. இத்தனை மாதமும் தாயும் மகளும் அந்த வசனத்துக்குள்தான் இருந்தார்கள். ஆங்கிலம் வந்து, இரண்டில் ஒன்றைச் சொல் என்று அந்தப் பிள்ளையின் கழுத்தைப் பிடித்தது. அவள் இஸ் என்றாள். சிவப்புப் பேனாவை எடுத்து அதைக் கீறுகிற கை என்னுடையதாக இருக்கக்கூடாது.

"அப்ப என்ன செய்யப்போறீங்கள்?" என்றா மிஸ். எனக்கும் தெரியவில்லை.

வழியைக் கண்டது ஜெனிற்றாதான். இடைவேளைக்கு எல்லாரும் ஓடிய பிறகு மேசையடியில் வந்து நின்றாள்.

"சேர், எல்லாரும் மாத்திச் சொல்லப்போயினம். நான் என்ன சொல்லுறது?"

"நீர் சொன்னது சரி. மாத்தத் தேவையில்லை."

"கம்ஸ் ஹோம் எண்டு சொன்னனான். அது பொய் சேர்." பிறகு, "இன்னும் வராத ஆளுக்கு என்ன ரென்ஸ்?" என்றாள்.

அவளுடைய வகுப்புக்கு அந்தப் பாடம் இல்லை. மேல் வகுப்பில் வருகிறது. அங்கேயும் நாங்கள் அதைப் படிப்பிக்கப் படாத பாடு படுவோம். யெஸ்ரடே வந்தால் இது வரக்கூடாது, ஓல்ரெடி வந்தால் வரலாம், யெற் கடைசியில் நிற்க வேண்டும் என்று ஒரு மணித்தியாலம் கத்தினாலும் பிள்ளைகளுக்குக் கொட்டாவிதான் வரும். அன்றைக்கு நான் ஒரேயொரு வசனம் சொன்னேன்.

"ஹி ஹாஸ் நொட் கம் பாக் யெற்."

"அதுக்குத் தமிழில?"

"அவர் இன்னும் திரும்பி வரேல்லை."

சொல்லிப் பார்த்தாள். யெற் என்கிற இடத்தில் நாக்கு ஒரு தரம் தடக்கியது. திரும்பவும் சொன்னாள். பின்னேரம் தாயிடம் சொல்லிக்காட்டியிருக்கிறாள். அடுத்தநாள் மேரி பள்ளிக்கூட வாசலில் என்னை மறித்து, "அது சரியோ சேர்?" என்று கேட்டா. இலக்கணத்தைக் கேட்கிறாவா, வேறு எதையும் கேட்கிறாவா என்று எனக்குத் தெரியவில்லை. "அது சரி அக்கா" என்றேன். "அப்ப நானும் அண்டைக்கு வாறன்" என்றா.

இரண்டாம் தடவை வீடியோ நாள் பெருநாள் மாதிரி இருந்தது. அப்பாமார் எல்லாரும் முகம் மழித்து, மினுக்கின சேட்டுப் போட்டுப் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றார்கள். டிலக்சன், "திஸ் இஸ் மை ஃபாதர்" என்று தொடங்கினான். அவனுக்கு மேலே சொல்ல இடம் கிடைக்கவில்லை. சூசை அண்ணை மகனை விலத்திவிட்டு முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"ஐ ஆம் சூசை" என்றார். பிறகு, சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்று நினைத்திருக்க வேண்டும், நெஞ்சில் தட்டி, "நொட் யெஸ்ரடே. ருடே!" என்றார்.

என் வாழ்நாளில் இந்தத் தீவுகளில் காலத்தையும் காலச்சொல்லையும் இவ்வளவு சரியாக ஒருவர் சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. அங்கே பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்த ரீச்சர் திரும்பவும் அழுதா, இந்தத் தடவை சிரித்துக்கொண்டு.

ஒவ்வொரு குடும்பமாக வந்து உயிரோடு இருப்பதை ஒப்புவித்துவிட்டுப் போனார்கள். ஜெனிற்றா தாயோடு வந்தாள். பின்னால் நிற்கத் தாய் மட்டும்தான்.

"மை ஃபாதர் வென்ற் ரு த சீ. ஹி ஹாஸ் நொட் கம் பாக் யெற்."

திரையில் அமைதி. அந்த ரீச்சர் ஒரு தடவை சூடு கண்டவ. இது இலக்கணமா, உண்மையா என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தா. உண்மைதான் என்று நான் தலையை ஆட்டினேன். அவவுக்கு விளங்கிவிட்டது. மிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றா. அப்பாமார் எல்லாரும் தாங்கள் உயிரோடு நிற்பதே பிழை என்கிற மாதிரி ஒதுங்கினார்கள்.

அப்போது அங்கே பின்வரிசையில் இருந்த புள்ளி முகத்துப் பெடியன் ஒருவன் கையை உயர்த்தினான். அவனுக்கு இந்த அமைதி ஒன்றும் விளங்கியிருக்காது. அவனுடைய கேள்வி எனக்கு இன்றைக்கும் ஞாபகம். "வோஸ் ஹி ஸ்கெயர்ட் ஒஃப் த சீ?"

அவருக்குக் கடல் பயமா? நான் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். ஜெனிற்றாவுக்கு அதுவரை பொறுமை இல்லை.

"நோ!" என்றாள், கோபமாக. "ஹி வோஸ் நொட் ஸ்கெயர்ட் ஒஃப் த சீ." பிறகு ஏதோ ஞாபகம் வந்து வாயோரம் சுழித்தது. "ஹி வோஸ் ஸ்கெயர்ட் ஒஃப் ஹோர்சஸ்."

குதிரைக்குப் பயம். நெடுந்தீவில் குதிரைகள் மாடுகளைப்போலக் கட்டாக்காலியாகத் திரிகிறவை. அங்கே பிறந்து வளர்ந்த ஒரு ஆளுக்குக் குதிரைக்குப் பயம் என்றால், மீனுக்குத் தண்ணீர் பயம் என்கிற மாதிரி. பின்னால் நின்ற அப்பாமாருக்குள் முதலில் ஒரு செருமல், பிறகு ஒரு சிரிப்பு.

"ஓம், உண்மை!" என்று சூசை அண்ணை கத்தினார். "குதிரையைக் கண்டால் அல்பிரட் கல்மதிலில ஏறிடுவான். கூப்பிட்டாலும் இறங்கான்."

"வன் டே ஹி ஸ்ருட் ஒன் த வோல்," என்று ஜெனிற்றா அவுஸ்திரேலியாவுக்கு மொழிபெயர்த்தாள். "த ஹோர்ஸ் டிட் நொட் கோ. ஹி டிட் நொட் கம் டவுன். ஐ ப்றோட் ஹிம் ரீ."

ஒரு நாள் மதிலில் ஏறி நின்றார், குதிரை போகவில்லை, அவர் இறங்கவில்லை, நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். ப்றோட் என்ற அந்தச் சொல்லை வகுப்புக்குள் ஏற்ற நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. இப்போது வந்து நின்றது. வோஸ், ஸ்ருட், டிட் நொட் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நான் எதையும் கேட்டு வாங்கவில்லை. நாங்கள் எவரும் அவளிடம் கேட்கத் துணியாத கேள்வியை, கடலுக்கு அந்தப் பக்கத்தில் இருந்த ஒரு குழப்படிப் பெடியன் கேட்டான். அவருக்கு என்ன நடந்தது என்று அவன் கேட்கவில்லை. அவர் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டான். நீங்கள் பிள்ளைகளிடம் கேள்வி கேட்கும்போது இந்த வித்தியாசத்தை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும். மற்றதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது.

மேரி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றா. அழுகிறா என்றுதான் நான் நினைத்தேன். தோள் குலுங்கியது. தலைப்பை எடுத்தபோது பார்த்தால் சிரிப்பு. மகளின் தோளில் தட்டினா.

"அது தேத்தண்ணி இல்லையடி. மோர் எல்லே கொண்டுபோய்க் குடுத்தனி. அந்த மனுசன் அரைவாசியை மதிலில ஊத்தினதும் மறந்துபோச்சே?"

"ஓம் என்ன!" என்று ஜெனிற்றா நாக்கைக் கடித்தாள். திரையைப் பார்த்து, "சொறி, நொட் ரீ" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சேர், மோருக்கு இங்கிலிசில என்ன? கெதியாச் சொல்லுங்கோ."

அந்தக் கிழமை முழுவதும் என்னிடம் வந்த கேள்விகளில், உடனே விடை தெரிந்த ஒரே கேள்வி அதுதான்.